மறைவில்லாத மணல்

வர்துகு அந்தச் செய்தியைப் பாறையிடம்தான் சொன்னான். ஆளுயரக் கரும்பாறை அது. அதற்குப் பின்னால், தலைப்பாகைத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றபடி, கல்லுக்குக் காது மந்தம் என்பதுபோல உரக்கச் சொன்னான்.

"ஏ பாறையே, ஜெனபாவுக்கு இடுப்பு வலி விட்டு விட்டு வருது. மாசம் இன்னும் நெறையல. ஒட்டகத்துல ஏத்தி மலைக்குக் கூட்டிட்டு வர முடியாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அம்மா வந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே அழுகை."

பாறைக்கு இந்தப் பக்கம் ஆடு கறந்துகொண்டிருந்த குப்ராவின் கை நின்றுபோனது. ஜெனபா அவளுடைய ஒரே மகள். பாறைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் அந்த மகளைக் கட்டியவன்.

சகாரா பாலைவனத்தின் நடுவில் இருக்கும் இந்தத் திபெஸ்தி மலைநாட்டில் மருமகன் மாமியாருக்கு முகம் காட்ட மாட்டான். அவளோடு நேராகப் பேச மாட்டான். அவள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு பேரீச்சம்பழத்தைக்கூட வாயில் போட மாட்டான், ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டான். அவளும் அவன் பெயரைச் சொல்ல மாட்டாள். இது பகை இல்லை, மரியாதை. பெண்ணைப் பெற்றவளுக்கு இவ்வளவாவது அடங்காதவன் பெண்ணுக்கு எப்படி அடங்குவான் என்று இங்கே கேட்பார்கள். சாதாரணமாக இப்படிச் செய்தி கொண்டுவருவது தம்பியோ சித்தப்பாவோதான். அந்தச் சமயம் பார்த்து அவன் கூட்டத்து ஆண்கள் எல்லாரும் உப்பு எடுக்கப் போயிருந்தார்கள். குப்ராவின் கணவனும் பேரீச்சை அறுவடைக்குப் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தான். ஆக, பேசவே கூடாத இரண்டு பேர்தான் மிச்சம்.

"ஏ பாறையே," என்றாள் குப்ரா, கல்லைப் பார்த்து. "அந்தப் பக்கம் பாலும் பழமும் வெக்கிறேன். நான் மூட்டை கட்டி முடிக்கறதுக்குள்ள தின்னு முடிக்கச் சொல்லு. தலைப்பிள்ளையத் தாய் கைதான் ஏந்தணும். வேற எவ கையும் ஏந்தக்கூடாது. புரியுதா?"

பாறைக்குப் புரிந்தது. அந்தப் பக்கமிருந்து அவசர அவசரமாக மெல்லும் சத்தம் கேட்டது.

குப்ராவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு உலகத்தில் மலை என்றால் திபெஸ்தி. திபெஸ்தியில் மலை என்றால் எஹி அரூ சிகரம். மற்றதெல்லாம் அரூவைக் கட்டி முடித்த பிறகு சிதறிக் கிடக்கும் மிச்சக் கற்கள். அவளுடைய தாய் வழியில் ஒரு பிள்ளைகூட அரூவின் நிழலுக்கு வெளியே பிறந்ததில்லை. மேற்கே தட்டை மணலில் வாழும் கூட்டத்துப் பையனுக்குப் பெண் கொடுத்ததே அவளுக்கு அரை மனசு. இப்போது பேரப்பிள்ளை மணலில் பிறக்கப் போகிறது. சரி, மலை அங்கே வராவிட்டால் என்ன, மலைக்காரி போவாள். அவள் கையில்தான் அந்தப் பிள்ளை விழ வேண்டும். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

புறப்பட்டார்கள். வர்துகு முன்னால். அவன் இடுப்பில் சுற்றிக் கட்டிய கயிற்றின் மறுமுனையில் யஸ்கோ. புயலில் ஒட்டகம் தொலையாமல் இருக்க மணல் நாட்டார் இப்படித்தான் கட்டிக்கொள்வார்கள். யஸ்கோ குப்ராவின் கரிய பெண் ஒட்டகம். தாய் செத்த பிறகு ஆட்டுப்பால் ஊட்டி அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள்தான். இரண்டு தோல்பை தண்ணீர் யஸ்கோவின் விலாவில் தொங்கியது. மூன்றாவதைக் குப்ரா தன் முதுகில் போட்டுக்கொண்டாள். இருக்கிற தண்ணீரை எல்லாம் ஒரே முதுகில் ஏற்றும் பழக்கம் மலையில் கிடையாது. அவள் ஈட்டி எறியும் தூரம் விட்டுப் பின்னால் வந்தாள். முகம் தெரியாமல் இருக்க மருமகன்தான் முன்னால் போக வேண்டும். அதில்தான் வினை இருந்தது. மலையைத் தெரிந்தவள் பின்னால், தெரியாதவன் முன்னால்.

வாய் சும்மா இருக்குமா? குப்ராவின் வாய் பிறந்ததிலிருந்தே சும்மா இருந்ததில்லை.

"யஸ்கோ, மணல்காட்டு ஆளுங்க நடக்கற லட்சணத்தப் பாத்தியாடி? காலத் தூக்கி வெக்கவே தெரியல. தேய்ச்சுக்கிட்டே போறாங்க. இது மலை, பாட்டன் வீட்டுப் பாய் இல்லேன்னு சொல்லு."

முன்னாலிருந்து பதில் காற்றோடு வந்தது.

"யஸ்கோ, மலைக்காரங்களுக்கு அண்ணாந்து பாத்தே பழக்கம். அதான் கழுத்தும் விறைச்சுப் போச்சு, பேச்சும் விறைச்சுப் போச்சு."

குப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டுத் துணியைக் கடித்து அடக்கிக்கொண்டாள். பையனுக்கு நாக்கு இருக்கிறது, பரவாயில்லை.

பழைய எரிமலைக் குழியின் ஓரமாகப் பாதை போனது. ஆழத்தில், பெரிய சட்டியில் உறைந்த தயிர்போல வெள்ளை வெளேரென்று உவருப்பு. குழியின் கறுப்புச் சுவரில் மலையாடு ஒன்று, ஒரு கைக்கு மேல் அகலமில்லாத விளிம்பில், வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றது. அதைப் பார்த்ததும் குப்ராவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனை முறை பார்த்தாலும் நிமிரும்.

"பாத்துக்க யஸ்கோ. நெருப்புக் கக்கின வாய் இது. இன்னிக்கு உன்னை மாதிரி ஒட்டகங்களுக்கெல்லாம் உப்பு குடுக்குது. எங்க மலைக்குக் கோவம் வந்தாலும் கொட்டும், கோவம் தீந்தாலும் குடுக்கும். மணல் என்னத்தக் குடுக்கும்? கண்ணெரிச்சல்."

முன்னால் போகும் முதுகு கொஞ்சம் விறைத்தது. அடி சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டதோ என்றும் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

மதியம் தாண்டி வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முகட்டின் மேலே சுற்றி வளைத்துப் போவது. இன்னொன்று என்னேரி. மழை பெய்தால் ஆறு, மற்ற நாளெல்லாம் மணல் படுகை, இரு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். நிழல் உண்டு, தரை சமம், நேர் வழி. மணலில் பிறந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? வர்துகு என்னேரியைப் பார்த்துத் திரும்பினான்.

குப்ரா நின்றாள். தலைக்கு மேல் வானம் பளிச்சென்று நீலம். ஆனால் கிழக்கே, வெகு தூரத்தில், அரூவின் தலையில் கறுப்பாக ஒரு துண்டு மேகம் உட்கார்ந்திருந்தது. பாறைச் சுவரில் குரங்குக் கூட்டம் ஒன்று, குட்டிகளை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. கூப்பாடு இல்லாமல் ஏறியது.

"யஸ்கோ, அந்த வழி வேணாம். தண்ணி வரும்."

"யஸ்கோ, மேல பாரு. மருந்துக்குக்கூட மேகம் இல்ல. மணலப் பாத்தாலே சிலருக்குப் பயம், அதான் வேற ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே போனான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் ஊரில் தண்ணீர் தோண்டினால் வரும், துரத்திக்கொண்டு வராது. காலையிலிருந்து ஏட்டிக்குப் போட்டி பேசியே வந்த வாய் அவளுடையது. அந்த வாயிலிருந்து நிஜம் வந்தபோது அதுவும் கேலியாகத்தான் கேட்டது. ஒரே ஒரு முறை அவன் பெயரைச் சொல்லி அதட்டியிருந்தால் நின்றிருப்பான். சொல்ல முடியாத பெயர். குப்ரா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டுப் பாறைத் திட்டில் ஏறினாள்.

ஏறி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. மலை தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல, எங்கோ மேலே. கீழே படுகை நடுவில் அந்த முதுகு, எதுவும் தெரியாமல், கால் தேய்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.

"யஸ்கோ!" என்று கத்தினாள். "யஸ்கோ! என் தங்கம்! அம்மா கூப்பிடறேன், வாடி! ஓடி வா!"

வளர்த்தவள் குரல். யஸ்கோ நின்றது, திரும்பியது, பிறகு ஓடியது. இடுப்பில் கயிறு கட்டியவன் என்ன செய்வான்? விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான், முழங்கால் தேய இழுபட்டான். ஒட்டகம் சரிவில் ஏற, அவனும் கல்லோடு கல்லாக ஏறினான். அவ்வளவு அமளியிலும் ஒரு கையால் முகத்துணியை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். மாமியார் பார்த்துவிடக் கூடாதாம். யஸ்கோ ஒரு பாறை முனையில் உரசியதில் இரண்டு தோல்பைகளும் கிழிந்து கொட்டின.

அவன் திட்டின் மறுகோடியில் விழுந்ததும் வெள்ளம் வந்தது. செம்மண் நிறத்தில், ஆளுயரத்துக்கு, வேரோடு பிடுங்கிய வேலமரங்களைச் சுழற்றிக்கொண்டு, சற்று முன் அவன் நின்றிருந்த இடத்தின் மேல் போனது. இவ்வளவும் நீல வானத்துக்குக் கீழே.

குப்ரா முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். குரலை நடுங்க விடவில்லை.

"யஸ்கோ, கேட்டுக்க. இதான் எங்க மலை. இங்க வெயில் அடிக்கும்போதே அது ஆறு அனுப்பும்."

வெகு நேரம் கழித்து, மறுகோடியில், அவன் பக்கத்திலிருந்த பாறையிடம் சொன்னான். "பாறையே, தப்பு என்னோடதுதான். அவங்க சொன்னதக் கேட்டிருக்கணும்."

வேறு நாளாக இருந்தால் குப்ரா இதை வைத்தே ஒரு வருஷம் பேசியிருப்பாள். இன்று தன் முதுகில் மிஞ்சியிருந்த ஒரே தோல்பையை இறக்கி, அதன் கட்டை இறுக்கினாள். அந்த முதுகு வெள்ளத்தில் போயிருந்தால் மகளிடம் என்ன சொல்லியிருப்பாள்?

அன்றைக்கு நகர முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் முகட்டு வழியாக மலையின் விளிம்புக்கு இறங்கினார்கள். கடைசிப் பாறைக்குப் பின்னால் போய் அவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பிறகு அந்தப் பாறையிடமே கணக்குச் சொன்னான்.

"பாறையே, கிணத்து வழியாச் சுத்திப் போனா நேரத்துக்குப் போக முடியாது. ஜெனபா தாங்க மாட்டா. குறுக்க மணல்ல இறங்கினா பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம். நடுவுல தண்ணி இல்ல, அடையாளம் இல்ல. இருக்கறது ஒரு தோல்பை. காத்து வேற கெளம்புது. அவங்க என்ன சொல்றாங்களோ அதான்."

குப்ரா மணலைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் அவளை மிரட்டியது. மலை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவள் வாழ்நாளில் போனதில்லை.

"யஸ்கோ, நேத்து நான் சொன்னத ஒருத்தர் கேக்கல. இன்னிக்கு அவங்க சொல்றத நான் கேக்கலேன்னா, எனக்கும் அவங்களுக்கும் என்னடி வித்தியாசம்? மண்டி போடு, ஏறிக்கறேன்."

மணலில் இறங்கியதும் வர்துகு வேறு ஆளாகிவிட்டான். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகினான். மலையில் தேய்ந்து தேய்ந்து தடுமாறிய அதே கால், இங்கே வழுக்கிக்கொண்டு போனது. காற்று எழும்பி, புழுதி உயர்ந்து, சூரியன் ஒரு வெளுத்த பொட்டாக மங்கியது. குப்ரா திரும்பிப் பார்த்தாள். மலை இல்லை. அரூ இல்லை. கிழக்கு எது, மேற்கு எது? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் பயந்துபோனாள்.

அவன் நிற்கவே இல்லை. அவ்வப்போது பாதத்தால் மணலைத் தடவினான், குருடன் சுவரைத் தடவுவதுபோல. காற்று இங்கே வருஷம் முழுக்க ஒரே மூலையிலிருந்துதான் அடிக்கும். அது மணலில் வரி வரியாகக் கோடு போட்டிருக்கும். கோட்டைக் கால் எப்படிக் குறுக்கே கடக்கிறது என்பதில் இருக்கிறது வழி. புழுதியில் கண் தெரியாவிட்டால் என்ன, அவனுக்கு உள்ளங்கால் போதும்.

"யஸ்கோ," என்றான் திரும்பாமலே. குரலில் கேலி இல்லை. "மணல் என்ன குடுக்கும்னு நேத்து ஒருத்தங்க கேட்டாங்க. இந்த மணல் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கற? அந்த மலைதான். வெயில்ல வெடிச்சு, வெள்ளத்துல உருண்டு, காத்துல அரைபட்டு வந்திருக்கு. அங்க அது நின்னுக்கிட்டு இருக்கு. இங்க படுத்திருக்கு. நாங்க அதோட மடியிலதான் குடியிருக்கோம்."

குப்ரா ஒட்டகத்தின் மேலிருந்து மணலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதில் கறுப்புத் துகள்கள் மின்னின. அரூவின் கறுப்பு. அது அவளுக்குத் தெரியாத கறுப்பா? இவ்வளவு நாளாக மலையை முழுசாக மதிப்பதாக நினைத்தவள் அதில் பாதியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உச்சிப்பொழுதில் தோல்பையை எடுத்து நாலு மிடறு குடித்தாள். அவன் கைக்கு எட்டும்படி யஸ்கோவின் கழுத்துப் பக்கம் மாட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பை அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, கயிறு தொய்ய ஆரம்பித்தது. அவன் நடை கோணியது. ஒரு முறை முழங்காலில் விழுந்து எழுந்தான்.

இவனுக்கு என்ன வந்தது என்று நினைத்த அந்த நொடியில் அவளுக்கு உறைத்தது. பாறை இல்லை.

மலையில் தாகம் எடுத்தபோதெல்லாம் ஒரு பாறைக்குப் பின்னால் போய்க் குடித்தான். இங்கே மறைவதற்கு ஒரு கல், ஒரு செடி, ஒரு மேடு கிடையாது. மேலே ஒட்டகத்தில் மாமியார், கண் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் பாறையை விட்டதிலிருந்து இந்த வெக்கையில், இந்தக் காற்றில், ஒரு சொட்டுக் குடிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சாவானே தவிர, கேட்க மாட்டான். அட பைத்தியக்காரா, என்று மனசுக்குள் திட்டினாள். இந்த வீம்பு அவளுக்குத் தெரிந்த வீம்பு. அவள் வீட்டு வீம்பு.

"உக்காரு யஸ்கோ."

ஒட்டகம் மண்டியிட்டது. இறங்கினாள். தோல்பையை மணலில் வைத்தாள். அப்படியே திரும்பி நடந்து, கிழக்கு என்று தோன்றிய பக்கம் பார்த்து நின்றாள். முக்காட்டை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டாள். அங்கே புழுதியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"யஸ்கோ, எனக்கு எங்க மலையப் பாக்கணும்போல இருக்கு. ஆற அமரப் பாக்கப்போறேன். நான் திரும்பறதுக்குள்ள யாராச்சும் தண்ணி குடிச்சா எனக்குத் தெரியாது. குடிக்காம வெச்சிருந்தா மட்டும் நல்லாத் தெரியும், சொல்லிட்டேன்."

பின்னால் குடிக்கும் சத்தம் கேட்கவில்லை. அவள் திரும்பிவிடுவாளோ என்று தயங்குகிறான். திரும்ப மாட்டாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாய் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தால் தெரியும். குப்ரா உரக்க மலைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அதோ எஹி அரூ. மூணு பக்கம் சுனை, ஒரு பக்கம் நெருப்புக் கல்லு. அதுக்குத் தெக்க எஹி தூனி. அதோட இடுப்புல வெந்நீர் ஊத்து, முட்டி வலிக்கு அத விட்டா மருந்து இல்ல. அப்புறம் எஹி கொஷோ. மலையாடு குட்டி போடற எடம், அங்க எவனும் வேட்டைக்குப் போகக் கூடாது, போனா எங்க அப்பா காலை ஒடிச்சிடுவாரு. அதுக்குப் பின்னால ரெட்டக் கொம்பு. நடுவுல நாணல் மொளைக்கற குளம், வெயில் காலத்துலயும் வத்தாது…"

சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ஒவ்வொரு மலையும் புழுதிக்குள்ளிருந்து எழுந்து நிற்பதுபோல இருந்தது. பின்னால் முதல் மிடறு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல். நன்றாகக் குடிக்கட்டும் என்று அவள் தொடர்ந்தாள். தெரிந்த மலைகள் தீர்ந்துவிட்டன. அவன் இன்னும் குடித்துக்கொண்டிருந்தான். குப்ரா யோசிக்கவில்லை. இல்லாத மலைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அதுக்கும் அந்தாண்ட எஹி பரம்பா. உச்சியில பேரீச்சந்தோப்பு…"

தோல்பை மணலில் வைக்கப்படும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

"யஸ்கோ," என்றான் வர்துகு, ஈரமான குரலில். "அந்தக் கடைசி மலைய நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"யஸ்கோ, மணல்காட்டு ஆளுங்களுக்கு மலையப் பத்தி என்னடி தெரியும்?" என்றாள் குப்ரா. திரும்பாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புழுதி.

பொழுது சாய்வதற்கு முன்னால் பாய்க்கூடாரங்கள் தெரிந்தன. அங்கே மூன்றாவது கூடாரத்திலிருந்து ஜெனபாவின் குரல் கேட்டது. குப்ரா ஒட்டகம் மண்டியிடும் வரை காத்திருக்கவில்லை, குதித்து ஓடினாள். கையைக் கழுவினாள், மகள் தலையைத் தடவினாள், "வந்துட்டேன்டி" என்றாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அவள் கையில்தான் விழுந்தது. பெண் பிள்ளை. வந்த வேகத்தில் அது போட்ட சத்தத்துக்குக் கூடாரமே அதிர்ந்தது. அந்தச் சத்தம் மலைக்காரிகளுடையது என்பதில் குப்ராவுக்குச் சந்தேகமே இல்லை.

கூடாரம் நிறைய வர்துகுவின் கூட்டத்துப் பெண்கள். அவன் பெரியம்மா, ஊர் முழுக்க வாய்க்குப் பெயர்போனவள், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மலைக்காரம்மா, இன்னிக்கு அடிச்ச காத்துல எங்க ஆடுகூட வெளிய போகல. நீ என்ன கிணத்து வழியா வராம குறுக்க வந்து நிக்கற? மூக்கு நுனி தெரியாத புழுதியில, மலையும் கண்ணுல படாம, எப்படிம்மா வழி கண்டுபிடிச்ச?"

பெண்கள் சிரித்தார்கள். கூட்டி வந்தவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மாமியார் முன்னால் அவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அவளும் பேசக் கூடாது. பாய்ச்சுவருக்கு வெளியே அவன் நிற்கிறான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். வழியில் எப்படியோ, ஊருக்குள் மாமியார் பேச ஆரம்பித்தால் அவன் காது கேட்காத தூரம் போய்விட வேண்டும். போகும் காலடிச் சத்தமும் கேட்டது.

குப்ரா பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தினாள்.

"நான் எங்கம்மா கண்டுபிடிச்சேன்? என் மகன் கூட்டிட்டு வந்தான்."

சிரிப்பு நின்றது. குப்ராவுக்கு மகன் கிடையாது.

"என்ன பாக்கறீங்க? உங்க கூட்டத்துல எத்தனை ஆம்பளைங்க இருக்காங்க? அந்தக் காத்துல, வெறுங்கால்ல, பச்சத் தண்ணி தொண்டையில படாம, என் மகன் மாதிரி மணல்ல வழி பாக்கறவன் ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, பாப்போம்!"

பாய்ச்சுவர் தாண்டி அடுத்த கூடாரத்துக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். வெளியே காலடிச் சத்தம் நின்றுவிட்டது. அது மேலே போகவே இல்லை.